மரப் பேனாவில் விழுந்த விரிசல்

எங்கள் தலைமையாசிரியை சென்ற மே மாதம் பணிநிறைவு பெற்றார். சால்வை, நினைவுக் கேடயம், குத்துவிளக்கு என்று ஆளுக்கொன்று கொடுத்தோம். நான் கொடுத்தது ஒரு பேனா. பள்ளி வளாகத்து வேம்பில் ஏப்ரல் மாதக் காற்றில் முறிந்து விழுந்த கிளையிலிருந்து கட்டை எடுத்து, நானே கடைசலில் கடைந்தது. "பச்சை மையில் கையெழுத்துப் போட்டுச் சலித்திருக்கும், அதனால் நீல ரீஃபில் போட்டிருக்கிறேன்" என்று சொல்லிக் கொடுத்தேன். நல்ல சிரிப்பு, நல்ல கைதட்டல்.

ஜூனில் பள்ளி திறந்த வாரம், ஓய்வூதியத் தாள்கள் தொடர்பாக அவர் வந்திருந்தார். கைப்பையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்து என் மேசைமேல் வைத்தார். "சார், நான் கீழே போடலை. தானா விட்டிருக்கு" என்றார். கிழிந்த நோட்டைக் காட்ட வரும் பிள்ளையின் குரல் அது. பேனாவின் மேல்பாதியில் நெடுக ஒரு விரிசல். உள்ளே இருந்த பித்தளைக் குழாய் மின்னியது.

விரிசல் கண்ணுக்குத் தெரிந்தது ஜூனில். அது உண்டானது எப்போது என்பதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில நாள்கள் ஆயின. பேனா செய்வது எப்படி என்று விளக்குவதுதான் இக்கட்டுரையின் நோக்கம். ஆனால் அந்தக் கேள்வியின் வழியாகத்தான் என்னால் அதை விளக்க முடிகிறது.

நான் கணிதப் பட்டதாரி ஆசிரியர். எங்கள் ஊரில் கட்டில் கால், ஊஞ்சல் கால், தொட்டில் குமிழ் எல்லாம் கடைந்து தரும் பட்டறை ஒன்று உண்டு. உருளையின் கன அளவு நடத்தும்போது பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றேன். பிள்ளைகள் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். நான் திரும்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சனிக்கிழமை தோறும் போய் நின்றேன். ஒருநாள் பட்டறைக்காரர் உளியை என் கையில் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அவரை நான் அண்ணன் என்பேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்றாலும் என்னைச் சார் என்பார். அந்த நாற்பது நிமிடத்தில் ஒரு கட்டையைப் பாழாக்கினேன். ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. சொந்தமாகக் கடைசல் இயந்திரம் வாங்கவில்லை. சிறியது ஒன்று வாங்கவே பல ஆயிரங்கள் ஆகும். வீட்டில் இடமும் இல்லை, அனுமதியும் இல்லை. அண்ணனுக்கு வாடகை கொடுத்து அங்கேயே கடைகிறேன்.

தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல் இருப்பதை இந்தப் பட்டறையில்தான் கவனித்தேன். மின்மோட்டார் வருவதற்கு முந்தைய கடைசலில், கட்டையைச் சுற்றிய கயிற்றை ஒருவர் மாறி மாறி இழுக்க, கட்டை முன்னும் பின்னும் சுழலும். மத்தும் அப்படித்தான் சுழல்கிறது. அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகளும் கர்நாடகத்துச் சென்னபட்டணத்துப் பொம்மைகளும் கடைசலில் பிறந்தவைதாம். சென்னபட்டணத்துப் பொம்மைக்கு எடுக்கும் மரம் நம் வெட்பாலை. சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படியும். வெப்பம் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியவில்லை.

பேனாவும் கடைசலுக்குப் புதிதல்ல. 1930-களில் ராஜமுந்திரியில் ரத்னம் என்பவர் முழுச் சுதேசிப் பேனாவைச் செய்து காந்தியடிகளுக்கு அனுப்ப, அவர் 1935-இல் பாராட்டி மடல் எழுதினார். அவை எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் கடைந்தவை. மை நிரப்பும் பேனாவுக்கு மரம் நேரடியாக ஒத்துவராது, மையைக் குடித்துவிடும். ரீஃபில் பேனாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் பெரும்பாலும் ரீஃபில் பேனாவில்தான் தொடங்குகிறார்கள்.

கட்டையும் குழாயும்

பேனாவின் உலோகப் பாகங்கள் ஒரு தொகுப்பாகவே விலைக்குக் கிடைக்கின்றன. முனை, கிளிப், நடு வளையம், திருகினால் ரீஃபிலை வெளியே தள்ளும் பொறி, இரண்டு பித்தளைக் குழாய்கள். சில நூறு ரூபாய்க்குள் முடியும். வாங்கும் முன் அதற்கு எந்த ரீஃபில் பொருந்தும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய பேனாக்கள் பலவற்றுக்குக் கிராஸ் வகை ரீஃபில் வேண்டும். எங்கள் ஊர்க் கடையில் பார்க்கர் வகைதான் கிடைக்கிறது. ரீஃபில் தீர்ந்ததும் அலமாரியில் தூங்கும் பேனாவை யாருக்கும் பரிசளிக்கக் கூடாது.

மரம் நாம் தர வேண்டியது. 19 மி.மீ. சதுரமும் 125 மி.மீ. நீளமும் உள்ள கட்டை போதும். வெளிறு வேண்டாம், வைரம் பாய்ந்த பகுதி வேண்டும். வேம்பின் வைரம் செம்மை கலந்த பழுப்பு. மகோகனியும் வேம்பும் ஒரே தாவரக் குடும்பம் என்பது கடைந்து மெருகேற்றிய பிறகு பார்த்தால் புரியும். பூவரசின் வைரம் சாக்லேட் நிறம். பலா மஞ்சளாக இருந்து நாள்பட நாள்பட அடர்ந்துகொண்டே போகும். புளியின் வைரம் கருஞ்செம்மை. உளியை அடிக்கடி தீட்ட வைத்துவிடும். சந்தனம், செம்மரம், ஈட்டி பக்கம் போகாதீர்கள். அவற்றுக்குச் சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு. மீந்த துண்டு என்று யாராவது கொடுத்தாலும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

கட்டையை இரண்டாக அறுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் 7 மி.மீ. துளை போட வேண்டும். துளைக்கும்போது அவசரம் கூடாது. சிறிது தூரம் இறக்கி, வெளியே இழுத்து, தூளை உதறி, மறுபடி இறக்க வேண்டும். இல்லையென்றால் தூள் அடைத்துச் சூடேறி, உள்ளே மயிரிழை அளவில் வெடிப்பு விடும். அப்போது அது தெரியாது. துளையின் கடைசி ஓரம் வேறு சிராய்த்துக்கொண்டு உடையும். அதற்காகவே கட்டையைச் சற்று நீளமாக வைத்துத் துளைத்து, பிறகு ஓரத்தை அறுத்துவிடுவோம்.

பித்தளைக் குழாயின் வழவழப்பைத் தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, இரண்டு பசைகளைக் கலக்கும் அரால்டைட் பூசி, திருகிக்கொண்டே துளைக்குள் செலுத்த வேண்டும். பசை குழாய்க்குள் புகுந்துவிடாமல் இருக்க ஒரு தந்திரம் உண்டு. உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி, குழாயின் வாயை அதில் குத்தி எடுத்தால் மூடிபோல அடைத்துக்கொள்ளும். பின்னால் குச்சியால் தள்ளிவிடலாம். ஓர் இரவு காய வேண்டும். பிறகு கட்டையின் இரு முனைகளையும் குழாய்க்குச் சரியாக 90 பாகையில் சீவ வேண்டும். இந்தச் செங்கோணம் அரைப் பாகை பிசகினால்கூட அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கடைந்து, மெருகேற்றி, உலோக வளையத்தைப் பொருத்தும்போது ஒரு பக்கம் மட்டும் இடைவெளி இளிக்கும். அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

சுழலும் மரம்

இனிதான் கடைசல். மேண்ட்ரல் என்ற மெல்லிய கம்பியில் இரண்டு கட்டைகளையும் கோத்து, இடையிலும் ஓரங்களிலும் புஷ் எனப்படும் அளவு வளையங்களை வைத்துப் பூட்ட வேண்டும். மரம் ஓரங்களில் புஷ்ஷின் தடிமனுக்கு வரும்வரை கடைந்தால், உலோகப் பாகத்தோடு சமமாகப் பொருந்தும். கடைசிமுனைத் திருகை அதிகமாக இறுக்கினால் கம்பி கண்ணுக்குத் தெரியாமல் வளையும். மரம் மையம் தவறிச் சுழலும். இந்தப் பிழையும் பேனாவைப் பூட்டிய பிறகுதான் விரலுக்குத் தட்டுப்படும்.

உளியை மரத்தில் குத்தக் கூடாது. உளியின் சாய்ந்த முதுகு முதலில் மரத்தைத் தொட வேண்டும். பிறகு கைப்பிடியை மெல்ல உயர்த்தினால் கூர் தானாகக் கடிக்கத் தொடங்கும். அண்ணன் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கண்ண மூடிட்டுக் கேளுங்க சார்." கண்ணை மூடிக்கொண்டு கடையச் சொல்லவில்லை, அவர் கடையும்போது கேட்கச் சொன்னார். சதுரக் கட்டையில் உளி தடதடவென்று அடிக்கிறது. மூலைகள் போகப் போக அது சீறலாக மாறுகிறது. முழு வட்டமானதும் பட்டுத் துணியைக் கிழிப்பதுபோல ஒரே ஓசை. அந்த ஓசை வந்துவிட்டால் தூள் பறப்பது நின்று சுருள்கள் விழும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள், "சார், கட்டையில எவ்வளவு வீணாப் போகுது?" எனக்கும் தெரியாது, சேர்ந்து கணக்கிட்டோம். 19 மி.மீ. சதுரத்தின் பரப்பு 361 ச.மி.மீ. பேனாவின் நடுப்பகுதி 12 மி.மீ. விட்டம் என்று கொண்டால் அதன் பரப்பு சுமார் 113. உள்ளே 7 மி.மீ. துளைக்கு 38.5 போக மிஞ்சுவது 74.5. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ இருபத்தொன்று. ஐந்தில் நான்கு பங்கு மரம் சுருளாகத் தரையில் கிடக்கிறது! மரத்தின் சுவர் நடுவில் 2.5 மி.மீ. தடிமன், ஓரங்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்தக் கடைசி எண்ணை மனத்தில் வையுங்கள், விரிசலுக்கு அது வேண்டும்.

இன்னொரு கணக்கும் போட்டோம். இயந்திரம் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது. தொடக்கத்தில் கட்டையின் மூலைவிட்டம் 27 மி.மீ.; எனவே அதன் மூலை நிமிடத்துக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் உளியைக் கடக்கிறது. 12 மி.மீ. ஆனபின் அதே சுற்றில் 75 மீட்டர்தான். மெலிய மெலியச் சுற்றை ஏன் கூட்டுகிறார்கள் என்பது அண்ணனுக்குக் கையால் தெரியும். எங்களுக்குக் கரும்பலகையில் தெரிந்தது.

கடைந்ததும் மணல்தாள். 150-ஆம் எண்ணில் தொடங்கி 240, 320, 400, 600 என்று ஏற வேண்டும். ஒவ்வொரு தாளுக்குப் பிறகும் இயந்திரத்தை நிறுத்தி, மரத்தின் நீளவாக்கில் ஒருமுறை கையால் தேய்க்க வேண்டும். ஒரு தாளைத் தாண்டிக் குதித்தால் மோதிரம் மோதிரமாகக் கீறல்கள் தங்கிவிடும். மெருகு ஏறியதும் அவை பளிச்சென்று தெரியும். மெருகுக்கு நான் போடுவது சாராவியில் கரைத்த அரக்கும், அதன்மேல் தேன்மெழுகும். அழகாக இருக்கும், ஆனால் கிருமிநாசினி தடவிய கையில் அரக்கு கரையும். கடினமான பூச்சுகள் உண்டு. மரம் தொடுகிற உணர்வு அவற்றில் இல்லை என்பது என் எண்ணம்.

எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கடைசலில் கையுறை போடக் கூடாது; சுழலும் மரம் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். முழுக்கைச் சட்டை, துண்டு, சேலைத் தலைப்பு, துப்பட்டா, நம் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக் கயிறு எதுவும் ஆகாது. முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. முகக்கவசம் இல்லாமல் மணல்தாள் தேய்க்காதீர்கள். பிள்ளைகளை இயந்திரத்தில் நிறுத்தவே கூடாது. எடை போடுவது, அளப்பது, நின்றுபோன கட்டையை மணல்தாளால் தேய்ப்பது, மரத்தின் இனம் கண்டுபிடிப்பது எல்லாம் அவர்கள் செய்யலாம்.

விரிசலின் பிறந்த தேதி

பிளந்த பேனாவை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். என் மனத்தில் சந்தேகப் பட்டியல் இருந்தது: உலோகத்தைப் பூட்டும்போது அதிகம் அழுத்தினேனோ, மெருகு சரியில்லையோ, அவர் வெயிலில் வைத்தாரோ. அண்ணன் விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். "கட்டை எப்ப அறுத்தது?" என்றார். ஏப்ரல் கடைசி என்றேன். "காயாத கட்டையப் பித்தளையில மாட்டிருக்கீய சார். கட்டை சுருங்கும். பித்தளை சுருங்குமா?"

அவ்வளவுதான். முறிந்த கிளையில் ஈரம் ஏராளம். இரண்டு வாரம் மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டுக் காய்ந்ததாக எண்ணிக்கொண்டேன். மேற்பரப்பு காய்ந்திருந்தது, உள்ளே இல்லை. மரம் காயும்போது நீளவாக்கில் மிகக் குறைவாகத்தான் சுருங்கும். குறுக்கே அதிகம் சுருங்கும், அதிலும் ஆண்டு வளையத்தின் போக்கில், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையைவிட ஏறக்குறைய இரு மடங்கு. உள்ளே அசையாத பித்தளை, வெளியே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த மரச்சுவர். கத்திரி வெயிலில் அது சுருங்க இடம் தேடி, கிடைக்காமல், நீளவாக்கில் விட்டுவிட்டது. நான் மணல்தாள் தேய்த்ததும் மெருகேற்றியதும் அரை மில்லிமீட்டர் பார்த்துப் பூட்டியதும் எல்லாம், ஏற்கெனவே பிளந்துவிட்ட ஒன்றின்மேல் செய்த வேலை. விரிசல் பிறந்தது ஏப்ரலில்.

அந்த வாரம் எட்டாம் வகுப்புத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். x/2 + x/3 = 10 என்ற சமன்பாடு. ஒரு பையன் 2x/5 = 10 என்று எழுதி, x = 25 என்று முடித்திருந்தான். முதல் வரிக்குப் பின்னால் எல்லாம் சரி. இருபுறமும் 5-ஆல் பெருக்கியதும் 2-ஆல் வகுத்ததும் அழகான எழுத்தில், ஒழுங்கான வரிசையில். இரண்டு ஆண்டுகளாக அவன் தாள்களில் சிவப்பு மையில் தப்பு என்று நான் போட்டிருந்தது கடைசி விடைக்கு. சமன்பாடு வரவில்லை என்று பெற்றோரிடமும் சொல்லியிருந்தேன். கூப்பிட்டு அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டேன். தயங்காமல், "ரெண்டின்கீழ் அஞ்சு சார்" என்றான். அவனுக்குச் சமன்பாடு வந்திருந்தது. வராதது பின்னம்.

ஐந்தாம் வகுப்பில் யார் நடத்தினார்கள் என்று கேட்க என் நாக்கு துடித்தது உண்மை. கேட்கவில்லை. மரத்தை வளர்த்தது நான் இல்லை, ஆனால் ஈரம் பார்க்காமல் குழாயில் மாட்டியது நான். ஆறாம் வகுப்பிலிருந்து அவன் என்னிடம்தான் இருக்கிறான். ஒரு தாள் பட்டையை இரண்டாகவும் அதே நீளமுள்ள இன்னொன்றை மூன்றாகவும் மடித்து, பாதியையும் மூன்றில் ஒன்றையும் அடுத்தடுத்து வைத்தோம். பாதியை மட்டுமே எடுத்தாலும் அது 2/5-ஐவிடப் பெரியது என்று கண்ணால் பார்த்தான். "அப்ப சேர்த்தா எப்படி சார் குறையும்?" என்றான். ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மூன்று வாரம் கழித்தும் அவசரத்தில் பழையபடி எழுதுகிறான்; ஆனால் எழுதிவிட்டு நின்று பார்க்கிறான். இப்போதெல்லாம் தாள் திருத்தும்போது கடைசி விடையை விட்டுவிட்டு, பிழை முதலில் நுழைந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கிறேன். நேரம் அதிகம் பிடிக்கிறது. நாற்பது தாளுக்கும் இப்படிச் செய்ய எல்லா வாரமும் முடிவதில்லை.

பேனாவுக்கு வருகிறேன். அதே கிளையில் மீதியிருந்த துண்டுகளை அறுத்து, ஒவ்வொன்றிலும் தேதியும் எடையும் பென்சிலால் எழுதினோம். ஈரப்பதம் காட்டும் கருவி வேண்டியதில்லை, சமையலறைத் தராசு போதும். வாரம் ஒருமுறை எடை போட்டு வரைபடத்தாளில் குறிப்பது எட்டாம் வகுப்பின் வேலை. எடை முதலில் வேகமாக இறங்கியது, பிறகு மெதுவாக, பிறகு கோடு தரையோடு படுத்தது. மூன்று வாரம் தொடர்ந்து ஒரே எடை காட்டினால்தான் கட்டையைத் தொடலாம் என்று வைத்துக்கொண்டோம். 41 கிராமில் தொடங்கிய துண்டு 33-இல் நின்றது. அக்டோபரில் அதைக் கடைந்தேன். தலைமையாசிரியை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். உடைந்த பேனாவைத் திருப்பிக் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை, இரண்டையும் வைத்துக்கொண்டார்.

ஆசிரியர் அறை அலமாரியில் இப்போது ஐந்து துண்டுகள் இருக்கின்றன. பூவரசும் பலாவும் நின்றுவிட்டன. புளி மட்டும் வாரத்துக்கு ஒரு கிராம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.